புளி மண்டி வீட்டு மாப்பிள்ளை

தருமபுரியில் அருள்குமார் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். புளி மண்டி மாப்பிள்ளை வீடு என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாகூட வழி சொல்லும். ஆளுக்கு நாற்பத்தொன்பது வயது. காதோரம் நரைத்துவிட்டது. மகள் பாரதியைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்த்தாகிவிட்டது. இன்னமும் மாப்பிள்ளைதான். மற்ற வீடுகளில் புது மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் கோழி அடித்துப் போட்டுவிட்டு அப்புறம் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். இவனுக்கு இருபத்து மூன்று வருஷமாக விருந்தும் முடியவில்லை, பேரும் திரும்பக் கிடைக்கவில்லை.

மாமனார் பச்சியப்பனைப் பற்றிச் சொல்லாமல் இவன் கதையைச் சொல்ல வழியில்லை. இவனுடைய கோளாறே அதுதான். பச்சியப்பன் சைக்கிளில் இரண்டு மூட்டை புளியைக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போனவர். இன்றைக்கு அவர் மண்டியிலிருந்து கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் லாரி லாரியாகப் புளி போகிறது. பென்னாகரம் ரோட்டில் மூன்று மாடி வீடு. வீட்டுக்குள் லிப்ட் உண்டு, ஆனால் கரண்ட் வீண் என்று அதில் யாரும் ஏறக்கூடாது. கூடத்தில் அவருடைய ஆளுயரப் படம் மாட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மாலை ஏன் போடவில்லை என்று யோசிக்கும்போது படத்தில் இருக்கிறவரே உள்ளேயிருந்து வந்து உட்காருவார். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் இலையில் கை வைக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒருத்தரும் சோற்றைத் தொட மாட்டார்கள். சொந்த ஊரில் அவர் கட்டிக்கொடுத்த நிழற்குடையில் ஊர்ப் பேரைவிட அவர் பேர் பெரிதாக இருக்கும்.

அவருக்கு மூத்தது கலைமதி. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் நவநீதன். பையனுக்குப் பதினொரு வயதாகும்போது மனைவி பழனியம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இத்தனை பெரிய வீட்டையும் மண்டியையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று பச்சியப்பன் தேடியபோதுதான் பாலக்கோட்டுப் பக்கத்து மானாவாரி விவசாயி மகன், பி.காம். படித்த அருள்குமார் கண்ணில் பட்டான். பெண் பார்க்க வந்த இடத்திலேயே பெரியவர் பேச்சை முடித்துவிட்டார்.

"பையன் தலையெடுக்கற வரைக்கும் மாப்ள நம்ம வூட்டோட இருந்தாப் போதுங்க. அப்பறம் அவரு இஷ்டம்."

கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம் கூட்டுறவு வங்கி வேலைக்கு அருள்குமாருக்கு ஆர்டர் வந்தது. பரீட்சை எழுதி ஜெயித்த வேலை. ஆர்டரை மாமனார் கையில் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கப் போனான். பச்சியப்பன் அதை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தெனம் பஸ்ஸுல நசுங்கிக்கிட்டுப் போவணும். மேனேஜரு, கண்டவன்னு எல்லார்கிட்டயும் பேச்சுக் கேக்கணும். உங்களுக்கு என்னாத்துக்குங்க மாப்ள சிரமம்?"

எவ்வளவு மரியாதையான பேச்சு பாருங்கள். அதட்டியிருந்தால் இவனும் முறைத்துக்கொண்டு போயிருப்பான். அந்த மரியாதைதான் இவனைக் கட்டிப் போட்டது. வேலைக்குப் போகவில்லை. மண்டிக்கு ஏன் தன் பேரில் ஒரு கிளை போடக்கூடாது என்று ஒரு தடவை கேட்டான், என்னாத்துக்குங்க சிரமம். வியாபாரிகளோடு விலை பேச நானே போகட்டுமா என்று கேட்டான், என்னாத்துக்குங்க சிரமம். சிரமமில்லாத வேலை எது என்றால், மூட்டை ஏற்றுவது, ஆள் பிடிப்பது, லாரி பிடிப்பது, ஆபீஸ் ஆபீஸாக அலைவது, பெரியவருக்கு வண்டி ஓட்டுவது. அதையெல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

நவநீதன் தலையெடுத்தான். தலையெடுத்து நேராகப் பெங்களூருக்குப் போய் சாப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டான். புளி வாசம் வந்தாலே அவனுக்குத் தும்மல் வரும். பொங்கலுக்கு வந்தால் மூக்கில் கைக்குட்டையோடு மண்டியை ஒரு சுற்று சுற்றுவான். அந்த ஒரு சுற்றுக்கே பெரியவர் முகம் மலர்ந்துவிடும். வருஷம் முழுக்கச் சுற்றுகிறவனை அவர் திரும்பிப் பார்த்ததாக அருள்குமாருக்கு ஞாபகமில்லை.

இவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொத்தில் பங்கு அல்ல, கல்லாச் சாவியும் அல்ல. மரத்தடியில் பெரியவர் தன்னைப் பார்த்து ஒரு தடவை, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மரத்தடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். புளிய மரங்களைக் காயாக இருக்கும்போதே தோப்புக்காரர்களிடம் குத்தகைக்கு எடுத்துவிடுவார்கள். மாசி பங்குனியில் பழம் இறக்குவார்கள். எந்த நாளில் இறக்குவது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது. புளியம்பழம் பழுத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, காயும் பழுப்பு, பழமும் பழுப்பு. உள்ளே சதை வற்றி மேல் ஓட்டை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகியிருந்தால் கிளையை உலுக்கும்போது கலகலவென்று சத்தம் வரும். நாள் முந்தினால் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. நாள் பிந்தினால் புழு விழும், குரங்கு வரும், எல்லாவற்றுக்கும் மேலே மழை வரும்.

இந்தச் சத்தம் கேட்பதில் பச்சியப்பனை அடித்துக்கொள்ள ஜில்லாவில் ஆள் கிடையாது. தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடிப்பார், கண்ணை மூடுவார், மூன்று தடவை உலுக்குவார். "உலுக்குங்க" என்று சொன்னால் பழம் இறக்கலாம், "பொறுங்க" என்று சொன்னால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வத்தல்மலையிலிருந்து பத்து ஆட்களோடு மரமேற வருகிற ஆண்டி, பெரியவர் வாயால் அந்த வார்த்தை வராமல் அடிமரத்தில் கால் வைக்க மாட்டான். அது அவனுக்குச் சாமி உத்தரவு மாதிரி.

அப்பேர்ப்பட்ட காது இரண்டு மூன்று வருஷமாக மங்கிப்போனது. காபி வேணுமா என்று கேட்டால், "நாளைக்குத்தான் வர்றாங்க" என்று பதில் வரும். டிவி சத்தத்துக்கு எதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஆனால் அவருக்குக் காது கேட்கவில்லை என்று அவரிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தைரியம்? நவநீதன் பெங்களூரிலிருந்து காதுக்கு வைக்கிற மிஷின் வாங்கி அனுப்பினான். பெரியவர் அதைப் பெட்டியோடு பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். முருகனுக்கு இப்போது நன்றாகக் காது கேட்கும் என்று கலைமதி சொல்லிச் சிரிப்பாள்.

ஆச்சரியம் என்னவென்றால், புளி மட்டும் அவருக்குத் தப்பவே இல்லை. முன்பு போலக் கண்ணை மூடுவதில்லை, வெயில் கூசுகிறது என்று, "மாப்ள, எதிர்ல வந்து நில்லுங்க" என்று இவனைக் கிளைக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொள்வார். உலுக்குவார். சொல்வார். சொன்னது சரியாக இருக்கும். பக்கத்தில் ஹாரன் அடித்தாலும் திரும்பாத மனுஷனுக்குப் பழத்தின் சத்தம் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று ஊரே மெச்சியது. அருள்குமாருக்கு வயிறு எரிந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் தப்பாகச் சொன்னால் போதும், அப்புறம் இவனைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அந்தத் தடவை வரவே இல்லை.

இந்த வருஷம் பங்குனி பிறந்த நாலாம் நாள் காலையில், கோல்டு ஸ்டோரேஜ் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்தது. பைபாஸில் கட்டிய அந்தக் குளிர்சாதனக் கிடங்கு அருள்குமார் மூன்று வருஷம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்து எழுப்பியது. கரண்ட் இணைப்புக்கு அவன், தீயணைப்புச் சான்றிதழுக்கு அவன், கான்கிரீட் போட்ட அன்றைக்கு வெயிலில் நின்று தண்ணீர் அடித்ததும் அவன். அழைப்பிதழில் பச்சியப்பன் பேர் தங்க எழுத்தில் இருந்தது. நவநீதன் பேர் அதற்குக் கீழே. இவன் தன் பேரைத் தேடினான். கடைசி வரியில் சித்தப்பா, பெரியப்பா, பங்காளிகள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். அதற்கும் அப்புறம், "மற்றும் மாப்பிள்ளை" என்று இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அதைப் பெரியவர் முன்னால் வைத்தான். "எம் பேரு இதுல இல்லீங்க மாமா" என்றான். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னான். சமையல்காரம்மாகூட எட்டிப் பார்த்தாள். கலைமதி தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

பச்சியப்பன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "பேரப் போட்டா நாளைக்கி ஒரு நோட்டீஸு, ஒரு கேஸுன்னு வந்தா உங்களத்தான் இழுப்பாங்க. உங்களுக்கு என்னாத்துக்குங்க மாப்ள சிரமம்?"

அருள்குமார் எழுந்து கை கழுவினான். பத்து நிமிஷத்தில் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினான். அன்றைக்குத் தொப்பூர் மலையடிவாரத் தோப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வருஷத்தின் பெரிய குத்தகை அதுதான், நூற்று நாற்பது மரம். கோல்டு ஸ்டோரேஜை நிரப்பப் போவதே அந்தப் புளிதான் என்று வியாபாரிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.

தோப்பில் ஆண்டியும் ஆட்களும் தயாராக நின்றார்கள். மலைச் சரிவில் லாரிகள் முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் கிளையைப் பிடித்தார். "எதிர்ல நில்லுங்க மாப்ள" என்றார். இவன் போய் நின்றான். உலுக்கினார்.

கலகலவென்று கேட்டது. லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இதைவிடப் பதமாக ஒரு சத்தத்தை அருள்குமார் கேட்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவனையறியாமல் தலையாவது அசைந்திருக்கும். அன்றைக்கு அவன் சுவர் மாதிரி நின்றான். எனக்கு என்னாத்துக்குச் சிரமம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டபோது கசப்பாக ஒரு சந்தோஷம் வந்தது.

பெரியவர் இரண்டாம் தடவை உலுக்கினார், மூன்றாம் தடவை உலுக்கினார். வழக்கமில்லாத வழக்கமாக நாலாம் தடவையும் உலுக்கினார். அப்புறம் கிளையை விட்டார்.

"பொறுங்க. பத்து நாள் போவட்டும்."

ஆண்டி திகைத்துப்போய் அருள்குமாரைப் பார்த்தான். அவனுக்கும் காது இருக்கிறதே. அருள்குமார் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்துக்கொண்டான். திரும்பி வரும் வழி முழுக்க அவன் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. கிழவர் தப்புப் பண்ணிவிட்டார். பத்து நாளில் பழம் முற்றிக் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் புழு விழும், ஊர் பேசும். பேசட்டும். அப்போது தெரியும் இந்த மாப்பிள்ளை யார் என்று.

மறுநாள் காலையில் போனைப் பார்த்தான். வாரக் கடைசியில் இடியோடு மழை என்று போட்டிருந்தது. துள்ளிய மனசு அப்படியே அடங்கிவிட்டது. நனைந்த புளி கறுத்துப் போகும், பூஞ்சை பிடிக்கும், மாட்டுக்குக்கூட ஆகாது.

முதலில் நவநீதனுக்குப் போன் போட்டான். "மச்சான், நான் மீட்டிங்ல இருக்கேன். புளியப் பத்தி எனக்கென்ன தெரியும்? நீங்கதான கூட இருக்கீங்க, நீங்களே சொல்லிடுங்க" என்று அவன் வைத்துவிட்டான்.

கலைமதியிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஒரே லாரி சத்தம். எங்க கேட்டுச்சு?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

அவன் மாடிக்குப் போய்விட்டான். இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அவன் சொன்ன பொய்களில் இதுதான் உருப்படாத பொய்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஆண்டியைப் பார்க்கப் போனான். "நாளைக்கே ஏறுங்க. நான் சொல்றேன்" என்றான். ஆண்டி தலையைச் சொறிந்தான்.

"எனக்கும் கேட்டுச்சுங்க மாப்ளே, இல்லேங்கல. ஆனா பெரியவரு பொறுங்கன்னு சொன்ன மரத்துல நா எப்படிங்க கால வெப்பேன்? அவரு வாயால ஒரு வார்த்த வரட்டுங்க."

"நான் சொன்னா போதாதா?"

"நீங்க சொன்னா..." என்று இழுத்தான் ஆண்டி. அருள்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

கடைசியாக மாமனாரிடமே போனான். மண்டியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மழை வருகிறது, இன்னொரு தடவை தோப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காதருகே குனிந்து சொன்னான். அவர் பேப்பரை மடித்தார்.

"பாத்தாச்சுங்களே. பழுக்கலேன்னா மழ வருதுன்னு இழுத்துப் போட முடியுங்களா? ஒட்டிக்கிட்டு உரிக்க வராது. நீங்க சும்மா அலையாதீங்க மாப்ள, வெயிலு."

அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்டது மாமா என்று மூன்றே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால், கேட்டும் ஏன் சும்மா நின்றாய் என்ற கேள்வி வரும். அதற்கு என்ன சொல்வது? அழைப்பிதழில் பேர் இல்லை, அதனால் நின்றேன் என்றா? நாற்பத்தொன்பது வயது ஆள் சொல்கிற பேச்சா அது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். மறுநாளும் அப்படித்தான் ஆனது. அவனுக்கு அவர் மேல் வந்த எரிச்சலைவிடத் தன் மேல் வந்த எரிச்சல் பெரிதாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் வள்ளென்று விழுந்தான்.

தோப்புக்குப் போய் வந்த ஆறாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மலைப் பக்கம் கறுத்தது. காற்றும் ஆலங்கட்டியுமாக ஒரு மணி நேரம் அடித்தது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் ஓரங்கட்டி நின்றதாக டிவியில் காட்டினார்கள்.

விடிந்ததும் தோப்புக்குப் போனார்கள். மரத்தில் இருந்ததைவிடத் தரையில் கிடந்தது அதிகம். சேற்றில் ஓடு நொறுங்கிப் பழம் ஊறிப்போய், தோப்பு முழுக்கப் புளித்த வாடை அடித்தது. கிளையில் மிஞ்சியதும் ஓட்டுக்குள் தண்ணீர் இறங்கிக் கறுத்திருந்தது. ஆண்டி ஒரு பழத்தை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டான். தேறுவதைப் பொறுக்க வந்த பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்றார்கள்.

பச்சியப்பன் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கைத்தடியால் சேற்றைக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு இவனைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"எனக்கு ரெண்டு வருசமாப் பழத்தோட சத்தம் கேக்கறதில்லீங்க மாப்ள."

அருள்குமார் அவரையே பார்த்தான்.

"கெளையப் புடிச்சு உலுக்குவேன். உலுக்கிட்டு உங்க மூஞ்சியப் பாப்பேன். பழம் கலகலத்துச்சுன்னா உங்க புருவம் லேசா மேல ஏறும், உங்களுக்கே தெரியாது. அதப் பாத்துத்தான் உலுக்குங்கன்னு சொல்றது. ஊரு எங் காதப் புகழ்ந்துச்சு, நா பேசாம இருந்துட்டேன். கேக்கலேன்னு வெளிய தெரிஞ்சா வியாபாரி மதிப்பானுங்களா, சொல்லுங்க?" கைத்தடியைச் சேற்றில் ஊன்றினார். "அன்னைக்கி உங்க புருவம் ஏறல. நாலு தடவ உலுக்கிப் பாத்தேன், அப்பவும் ஏறல. நீங்க தப்ப மாட்டீங்க. ரெண்டு வருசத்துல ஒரு மரம் தப்புனதில்ல. இது மழையோட கோளாறு. உங்க மேல குத்தமில்லீங்க மாப்ள."

அருள்குமார் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டு வருஷமாக இந்த மண்டியின் புளி முழுக்க அவன் சொல்லித்தான் இறங்கியிருக்கிறது. அவர் தன்னிடம் கேட்க மாட்டாரா என்று அவன் ஏங்கிய கேள்வியை இந்த மனுஷன் ஒவ்வொரு மரத்தடியிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதை இவனிடம் சொல்லித் தொலைத்தால் என்ன? ஒரே ஒரு வார்த்தை, வண்டியில் போகும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"கேட்டுச்சுங்க மாமா" என்றான்.

"என்னாங்க?"

"அன்னைக்கிக் கேட்டுச்சுங்க."

"சத்தமா சொல்லுங்க மாப்ள, ரோட்டு எரைச்சலு."

இருபது பெண்கள் நின்றார்கள். ஆண்டியும் ஆட்களும் நின்றார்கள். ஒன்றுமில்லை மாமா என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போயிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை. மழை மேல் பழி போட்டு அவரே வழியும் விட்டிருந்தார். அருள்குமார் அவர் காதுப் பக்கம் குனியவில்லை. நின்ற இடத்திலிருந்தே தோப்பு அதிரக் கத்தினான்.

"அன்னைக்கி எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க மாமா! கேட்டுட்டுத்தான் மூஞ்சிய இறுக்கி வெச்சிக்கிட்டு நின்னேன்! அந்தக் கார்டுல எம் பேரு போடலேன்னு ஆத்திரத்துல நின்னேன்!"

கூடையோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டி தலையைக் குனிந்துகொண்டான். பச்சியப்பனுக்கு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். கைத்தடி சேற்றிலேயே நின்றது. அவர் முதலில் மரங்களைப் பார்த்தார், அப்புறம் இவனைப் பார்த்தார்.

"உங்கள உட்டா எனக்கு வேற காது இல்லீங்களே, மாப்ள" என்றார்.

அவர் திட்டியிருந்தால் அருள்குமார் திருப்பித் திட்டியிருப்பான். அதற்கு வேண்டிய பேச்சு இருபத்து மூன்று வருஷமாக அவனிடம் சேர்ந்து கிடந்தது. அவர் திட்டவில்லை. சேற்றில் நின்றுகொண்டு அவன் அழுதான்.